நீசம் என்பது எது?

கார்த்திகை மாதம் சாமிதோப்புப் பதியில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடக்கும்போதும், நம் ஊர் நிழல்தாங்கல்களில் ஏடு திறக்கும்போதும் அடிக்கடி நம் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. அது 'நீசன்' என்னும் சொல். திருவிதாங்கூரை ஆண்டவனைக் கலிநீசன் என்கிறது அகிலத்திரட்டு அம்மானை. கடல் கடந்து வந்து ஆண்ட வெள்ளையனை வெண்நீசன் என்கிறது. சிறு பிள்ளை முதலே கேட்டு வந்த சொல் ஆகையால், அதன் பொருள் நமக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொள்கிறோம். கெட்டவன், கொடியவன், அய்யாவைத் துன்பப்படுத்தியவன் என்று எடுத்துக்கொண்டு மேலே கேட்கப் போய்விடுகிறோம்.

அய்யா ஒரு சொல்லைக் காரணமில்லாமல் அருளவில்லை. பாவி, துஷ்டன், கொடியவன் என்று எத்தனையோ சொற்கள் இருக்க, இந்தச் சொல் ஏன் அந்த இடத்தில் வந்து அமர்ந்தது? இது எங்கே பிறந்தது, யார் வாயில் இருந்தது, யார் மேல் வீசப்பட்டது, அய்யா அதை எடுத்து என்ன செய்தார் என்று சற்றே நின்று பார்ப்போம். இன்று நாம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சொல் பிறந்த இடம்

நீசம் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். 'நி' என்றால் கீழ். 'அஞ்ச்' என்பது செல்லுதல், திரும்புதல் என்னும் பொருளுடைய வேர். இரண்டும் சேர்ந்து 'கீழ்நோக்கியது' என்னும் பொருளில் பிறந்ததே நீசம். மிகப் பழைய காலத்தில் இந்தச் சொல் கீழே என்னும் திசையைக் குறிக்கவும் வழங்கியது. மேலிருந்து உருண்டு விழும் பொருளைப் பற்றிச் சொல்லவும் இதுவே போதும். அந்த அளவில் இதில் பாவமும் இல்லை, பழியும் இல்லை.

இதற்கு எதிர்ச்சொல் உச்சம். சோதிடம் பேசுவோர் வாயில் இந்த இரண்டு சொல்லும் இன்னும் பழைய பொருளோடு வாழ்கின்றன. சூரியன் மேஷத்தில் உச்சம், துலாத்தில் நீசம் என்பார்கள். சனி துலாத்தில் உச்சம், மேஷத்தில் நீசம் என்பார்கள். நாம் கோள் பார்த்து வாழ்கிறவர்கள் அல்ல. அய்யாவை நம்பியவருக்கு நாளும் கோளும் என்ன செய்யும்? ஆனாலும் சொல்லின் போக்கை அறிய இது உதவுகிறது. ஒருவனுக்கு நீசமான அதே வீடு இன்னொருவனுக்கு உச்சமாகிறது. ஆகவே துலாம் என்னும் வீடு தன்னளவில் தாழ்ந்ததும் அன்று, உயர்ந்ததும் அன்று.

திசையைக் குறித்த சொல் எப்போது வசையாக மாறியது? ஒரு மனிதனைக் காட்டி, 'இவன் கீழே பிறந்தவன்' என்று இன்னொரு மனிதன் சொன்னபோது மாறியது. அதற்குப் பிறகு நீசன் என்றால் இழிந்தவன், தீண்டத் தகாதவன், நெருங்கக் கூடாதவன் என்று ஆயிற்று. அவன் என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தான் என்பது மட்டும் கேட்கப்பட்டது. குற்றம் செய்யாதவனுக்குக் குற்றவாளியின் பெயர் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

சொல் வரியாக, தடையாக வந்தது

வெறும் சொல்தானே என்று இதை விட்டுவிட முடியாது. அய்யா வைகுண்டர் அவதரித்த காலத்துத் திருவிதாங்கூரில் இந்த எண்ணம் சட்டமாகவும் வழக்கமாகவும் வரியாகவும் நம் முன்னோரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர் குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்பு அணியக் கூடாது. பொன்நகை பூணக் கூடாது. மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து எடுத்துவரக் கூடாது. மார்பை மறைக்கத் தோளில் சேலை இடக் கூடாது. மேல்சாதியார் எதிரே வந்தால் குறித்த தூரத்துக்கு அப்பால் ஒதுங்கி நிற்க வேண்டும். அரசுக்குக் கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். வரியோ சொல்லி முடியாது. தாலியிலிருந்து பனையேறும் தொழிலாளியின் தடி வரைக்கும் ஆயம் கேட்டார்கள் என்று அகிலம் வரிசையாகச் சொல்லி அழுகிறது.

இந்தத் தடைகளைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். குடை தலைக்கு மேலே இருப்பது. மாடி தரைக்கு மேலே இருப்பது. தோள்சேலை இடுப்புக்கு மேலே இருப்பது. மனிதனை உயர்த்திக் காட்டும் எதுவும் இவர்களிடம் இருக்கலாகாது என்பதே அந்தச் சட்டங்களின் உட்பொருள். கீழே என்னும் திசையில் பிடித்து வைத்து, எழும்போதெல்லாம் அழுத்துவது. 'இவர்கள் நீசர், அதனால் கீழே இருக்கிறார்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் கீழே தள்ளிவிட்டு, அதன் பிறகு நீசர் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கேட்கிறவனே அதை நம்பத் தொடங்குவான். நம் முன்னோரில் பலருக்கும் அந்த நிலை வந்திருந்தது. தலை நிமிர்ந்து நடப்பதே பிழை என்று மனம் கூசியது. வரி கொடுத்து வறுமைப்பட்டதைவிட இது பெரிய நோய். வரியை ஒரு நாள் அரசன் நீக்கலாம். தன்னைத் தானே இழிவாக எண்ணும் மனத்தை எந்த அரசன் நீக்குவான்?

அய்யா சொல்லைத் திருப்பினார்

கொல்லம் 1008ஆம் ஆண்டு மாசி 20ஆம் நாள், ஆங்கில ஆண்டு 1833இல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக எழுந்தருளினார். தருவையூர் வழியாகவோ வேறு வழியாகவோ படை திரட்டி வரவில்லை. ஆயுதமில்லாத பண்டார வேடத்தில் நடந்து வந்தார். அவர் கையில் இருந்தது சொல்லும் தவமும் மட்டுமே.

கொல்லம் 1016ஆம் ஆண்டு கார்த்திகை 27ஆம் நாள், தாமரைகுளத்து அரிகோபாலன் சீடர் வழியாக அகிலத்திரட்டு அம்மானை ஏட்டில் எழுந்தது. அந்த ஏட்டில்தான் அந்தப் பெரிய திருப்பம் நடக்கிறது. அதுவரை மேலிருந்தவர் கீழிருந்தவரை நோக்கி எறிந்து வந்த சொல்லை அய்யா எடுத்து, அது உண்மையில் யாருக்கு உரியதோ அவர்மேல் வைத்தார். குடை பிடிக்க விடாதவன் நீசன். ஏழையின் தாலிக்கு ஆயம் கேட்டவன் நீசன். கூலி கொடாமல் வேலை வாங்கியவன் நீசன். அவன் அரியணையில் இருந்தாலும் நீசன்தான். கோயிலுக்குள்ளே நிற்கலாம் என்ற உரிமை பெற்றிருந்தாலும் நீசன்தான்.

அடிபட்டவர்களுக்கோ வேறொரு பெயர் கிடைத்தது. அவர்கள் சான்றோர். சான்றோர் என்பது 'சால்' என்னும் அடியிலிருந்து வந்த நல்ல தமிழ்ச் சொல். சால் என்றால் நிறைதல். நற்குணங்கள் நிறைந்தவர் சான்றோர். திருவள்ளுவர் சான்றாண்மை என்று தனி அதிகாரமே வைத்தார். ஒன்றுமில்லாதவர் என்று ஊர் சொன்னவர்களை நிறைந்தவர் என்றார் அய்யா.

இதை வசைக்கு வசை என்று நினைப்பது தவறு. அவன் என்னை நீசன் என்றான், நான் அவனை நீசன் என்கிறேன் என்னும் சிறுபிள்ளைச் சண்டை இது அன்று. அய்யா சொல்லின் அளவுகோலையே மாற்றினார். அதுவரை பிறப்பை வைத்து அளந்தார்கள். அய்யா செயலை வைத்து அளந்தார். அந்த அளவுகோலை வைத்தால் எந்தச் சாதியும் முழுதாக நீசமும் ஆகாது, எந்தச் சாதியும் முழுதாகத் தப்பிவிடவும் முடியாது. ஒவ்வொரு ஆளும் தனித்தனியே நின்று கணக்குச் சொல்ல வேண்டியதுதான்.

அய்யா இப்படித்தான் நினைத்தார் என்பதற்குச் சிங்காரத்தோப்புச் சிறையே சாட்சி. அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். கடைசியில், உன் சாதியாரோடு மட்டும் கூடிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றபோது அய்யா அதற்கு இசையவில்லை. எல்லாச் சாதியும் ஒன்றாக வந்து நிற்கும் வாசலை ஒரு சாதிக்கு மட்டும் என்று அடைக்க அவர் ஒப்பவில்லை. ஒரு கையெழுத்தில் விடுதலை கிடைக்கும் நேரத்திலும் மக்களைப் பிரிக்க மறுத்தவர் நம் அய்யா. பதியில் இன்றும் முந்திரிக்கிணறு இருக்கிறது. பல சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்துக் குளிக்கும்படி செய்தார். அந்தக் காலத்தில் அது எத்தனை பெரிய காரியம் என்பதை, தண்ணீருக்கு ஒதுங்கி நின்றவர்களின் வழிவந்த நாம் அறிவோம்.

குறோணியின் பசியும் பிடிவாதமும்

செயலே நீசம் என்றால், எந்தச் செயல்? அதற்கும் அகிலம் வேரிலிருந்து விடை சொல்கிறது.

நீடிய யுகத்தில் குறோணி பிறந்தான். அவனுக்கு அடங்காத பசி. கடலைக் குடித்தான், போதவில்லை. கயிலையையும் வைகுண்டத்தையும் விழுங்க வந்தான். மாயோன் தப்பித் தவம் இருந்து, வரம் பெற்று, அவனை ஆறு துண்டாக வெட்டினார். அந்த ஆறு துண்டும் யுகத்துக்கு யுகம் பிறந்து வந்தன. குண்டோமசாலியாக வந்தது, சூரபத்மனாக வந்தது, இரணியனாக வந்தது, இராவணனாக வந்தது, துரியோதனனாக வந்தது. கலியுகத்தில் கலியனாக வந்தது.

எல்லாப் பிறவியிலும் மாறாத குணங்கள் இரண்டு. முதலாவது அந்தப் பசி. எவ்வளவு கிடைத்தாலும் போதாது, அடுத்தவனுடையதும் வேண்டும். இராவணனுக்குப் பிறன்மனை வேண்டியிருந்தது. துரியோதனனுக்குப் பங்காளிகளின் நாடு வேண்டியிருந்தது. கலிநீசனுக்கு ஏழையின் தாலியிலும் ஆயம் வேண்டியிருந்தது. கடலைக் குடித்த வாய்தான் பிறகு வரி வாங்கும் கையாக வந்தது. கலியன் கேட்டு வாங்கிய சக்கராயுதம் பணமாக மாறியது என்று ஏடு சொல்கிறது. திருவிதாங்கூரில் நாணயத்துக்கே சக்கரம் என்று பெயர் இருந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இரண்டாவது குணம், தன் குற்றத்தை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாமை. ஒவ்வொரு யுகத்திலும் அழிவதற்கு முன் அவனுக்குப் புத்தி சொல்லப்பட்டது. அவன் கேட்கவில்லை. இராவணன் சாகும் வேளையிலும், என் தம்பி காட்டிக் கொடுத்ததால்தான் நீ வென்றாய் என்றான். சரி, அப்படியானால் காட்டிக் கொடுக்காத உடன்பிறப்புகளோடு பிற என்று அடுத்த யுகத்தில் நூற்றுவரோடு பிறக்க வைத்தார் மாயோன். அப்போதும் திருந்தவில்லை. தோற்றதற்கு வேல் காரணம், தம்பி காரணம், வஞ்சகம் காரணம். 'நான் காரணம்' என்ற ஒரு வார்த்தை மட்டும் ஆறு பிறவியிலும் அவன் வாயில் வரவில்லை.

கலியன் தந்த வாக்கையும் நினைத்துப் பாருங்கள். ஆயுதமில்லாத பண்டாரத்துக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்று சொல்லித்தான் வரங்களைக் கொண்டு போனான். அய்யா அதே பண்டாரமாக வந்தார். கலிநீசன் அவரைக் கட்டிச் சிறையில் வைத்தான். வாக்கை உடைத்த அன்றே அவன் வரமும் உடைந்தது. அதனால்தான் கலியை வெல்ல அய்யாவுக்கு ஆயுதம் தேவைப்படவில்லை. கலி தன் செயலாலேயே அழியும், நீங்கள் பொறுமையாய் இருந்து தர்மம் செய்யுங்கள் என்பதே நமக்கு வந்த உபதேசம்.

ஆகவே நீசத்தின் இலக்கணம் தெளிவாகிறது. அடுத்தவனை அழுத்தித் தான் உயர நினைப்பது நீசம். போதும் என்று சொல்லத் தெரியாதது நீசம். செய்ததை ஒப்புக்கொள்ளாதது நீசம்.

தாழ்தலும் தாழ்த்துதலும்

இங்கே ஒரு கேள்வி எழலாம். கீழ் என்பதுதான் நீசம் என்றால், அடியார்கள் தம்மைத் தாமே கீழாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அது என்ன?

நீசம் என்ற அதே சொல்லிலிருந்துதான் நைச்சியம் என்ற சொல்லும் பிறந்தது. வைணவப் பெரியோர் இறைவன் முன் தம்மை எளியவராகச் சொல்லி நிற்பதை நைச்சியம் என்பார்கள். ஒரே வேர், இரண்டு கனி. பிறரைப் பார்த்துக் 'கீழ்' என்றால் நீசம். தன்னைப் பார்த்து, ஆண்டவன் முன் நின்று 'நான் எளியவன்' என்றால் நைச்சியம். அது பக்தி.

தமிழில் இது இன்னும் எளிது. தாழ்தல், தாழ்த்துதல் என்று இரண்டு சொல் உண்டு. நானாகத் தாழ்ந்தால் அது தாழ்மை, பணிவு. இன்னொருவனைத் தாழ்த்தினால் அது கொடுமை. தன்வினையில் குணமாக இருப்பது பிறவினையில் குற்றமாகிவிடுகிறது. நடுவில் இரண்டு எழுத்துத்தான் வேறுபாடு. நாம் பதியில் செய்யும் வழிபாட்டுக்குப் பணிவிடை என்று பெயர் வந்திருப்பதையும் எண்ணிப் பாருங்கள். பணிந்து செய்யும் ஏவல் அது.

ஆனால் இந்தப் பணிவும் அஞ்சிக் கூனிய பணிவு அன்று. அதற்காகத்தான் அய்யா ஆண்மக்களைத் தலைப்பாகை கட்டி நின்று வழிபடச் சொன்னார். தலையில் துணி கட்டவும் அஞ்சியிருந்தவனைத் திருநாமம் இட்டு, தலைப்பாகையோடு ஆண்டவன் முன் நிறுத்தினார். மனிதன் முன் கூனாதே, ஆண்டவன் முன் பணி. இரண்டையும் ஒரே கோலத்தில் வைத்தார்.

துவையல் தவசும் அப்படிப்பட்டதே. எழுநூறு குடும்பங்களை வாகைப்பதியில் வைத்து, மூன்று வேளை குளித்து, துணி துவைத்து, விரதமாக வாழச் செய்தார். அழுக்கானவர் என்று உலகம் ஒதுக்கியவர்களைத் தவசிகளாக்கிக் காட்டினார். உடலும் உடையும் வெளுத்ததோடு, 'நான் இழிந்தவன்' என்று மனத்தில் படிந்திருந்த கறையும் அங்கே போயிற்று. அய்யா வைகுண்டம் ஏகியது 1851இல். அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 1859இல்தான் நம் பெண்மக்கள் மேலாடை அணிய அரசாணை வந்தது. ஆணை வருவதற்கு முன்பே மனத்தில் நிமிர்வு வந்துவிட்டது.

பள்ளியறைக் கண்ணாடி

இனி நம் நாளுக்கு வருவோம். இன்று குடை பிடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் படித்தார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், மாடி மேல் மாடி கட்டியிருக்கிறோம். அய்யா தந்த நிமிர்வு இது. ஆனால் நிமிர்ந்தவன் ஒன்றை மறக்கக் கூடாது. குறோணியின் ஆறாம் துண்டு அரண்மனையில் மட்டும் குடியிருக்கவில்லை. இடம் கொடுக்கும் எந்த மனத்திலும் அது குடிவரும்.

வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தனித் தம்ளர் எடுத்து வைத்திருக்கிறோமா? அன்று நம் பாட்டனைத் தூரத்தில் நிறுத்திய அதே கைதான் அந்தத் தம்ளரைத் தனியே எடுத்து வைக்கிறது. தெருவைப் பெருக்கிச் சாக்கடை அள்ள வருகிறவரை வயதுக்கு மரியாதை இல்லாமல் 'டேய்' என்று கூப்பிடுகிறோமா? கடையில் வேலை செய்யும் பையனுக்குச் சம்பளத்தை இழுத்தடிக்கிறோமா? கூலியில்லா ஊழியத்தை அகிலம் எவ்வளவு கண்ணீரோடு சொல்கிறது என்று தெரிந்த நாம் அதைச் செய்யலாமா? பெண் எடுக்கும்போது வாங்கியது போதாமல், வந்த மருமகளை அவள் தாய்வீட்டு வறுமையைச் சொல்லிச் சொல்லிக் குத்துகிறோமா? அதுவும் தாலிக்கு ஆயம் கேட்பதுதான். பெயர் மட்டும் வேறு.

சான்றோர் பிறந்த வரலாற்றை அகிலம் பாடுகிறது. ஏழு கன்னியரிடம் பிறந்ததையும் பத்திரகாளி வளர்த்ததையும் கேட்டு மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் 'நாங்கள் பிறப்பால் சான்றோர், ஆகவே மற்றவர் தாழ்ந்தவர்' என்று ஒருவன் சொன்னால், அந்த நொடியில் அவன் அய்யா உடைத்த பழைய அளவுகோலை மறுபடியும் ஒட்டவைக்கிறான். நீசன் நம்மைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை நாம் நம் வாயால் சொல்கிறோம். அப்படிச் சொல்கிறவனிடம் நிறைவு எங்கே இருக்கிறது? நிறைந்தவன் அல்லவா சான்றோன்!

இதற்குத்தான் பள்ளியறையில் அய்யா நமக்குக் கண்ணாடி வைத்துத் தந்தார். பிற கோயில்களில் சிலையைப் பார்க்கிறோம். இங்கே விளக்கொளியில் நம் முகத்தையே பார்க்கிறோம். ஆண்டவன் உனக்குள் இருக்கிறான் என்று அந்தக் கண்ணாடி சொல்கிறது என்பது எல்லாரும் அறிந்தது. அதோடு இன்னொன்றும் சொல்கிறது. நீசன் யார் என்று தேடி வந்தாயா, முதலில் இந்த முகத்தைப் பார். அங்கே நின்று விரலை நீட்டினால் அது நம்மையே காட்டும். அந்தக் கண்ணாடி முன் நீசம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. அதை நைச்சியமாக மாற்றி, 'அய்யா, அறிந்தும் அறியாமலும் நான் செய்ததைப் பொறுத்தருள வேண்டும்' என்று சொல்லத்தான் முடியும். ஆறு பிறவியிலும் குறோணி சொல்லாத வார்த்தை அதுதான். நாம் நாள்தோறும் அதைச் சொல்லும்படி அய்யா வழி செய்து வைத்திருக்கிறார்.

தாங்குகிறவன் கீழேதான் நிற்பான்

குற்றத்தை ஒப்புக்கொண்டால் போதுமா? அதோடு நின்றுவிடாமல் தர்மம் செய்ய வேண்டும். தாழ்ந்து கிடப்பவரைக் காத்து உயர்த்துவதே தர்மம் என்று அய்யா நமக்குச் சொன்னதை எல்லாரும் மனப்பாடமாக அறிவோம். நீசம் என்பது கீழே தள்ளுவது. தர்மம் என்பது கீழே கிடப்பதைத் தூக்குவது. இரண்டும் நேர் எதிர். ஆகவே நீசத்துக்குப் பரிகாரம் வேறெங்கும் தேட வேண்டாம். யாரை அழுத்தினாயோ அவரைத் தூக்கிவிடு. யாருடைய கூலியைப் பிடித்தாயோ அவருக்குக் கொடு. யாரை மரியாதையில்லாமல் அழைத்தாயோ அவரை 'வாங்க' என்று கூப்பிடு. இதற்குப் பணமும் தேவையில்லை, நாள் பார்க்கவும் வேண்டியதில்லை.

தர்மம் செய்யும்போதும் ஒரு கவனம் வேண்டும். பந்தியில் அன்னம் வைக்கிற கை, வாங்குகிறவனை இளக்காரமாகப் பார்த்தால் அங்கே தர்மத்துக்குள்ளேயே நீசம் நுழைந்துவிடுகிறது. பதியில் இனிமம் கொடுக்கும்போது காரில் வந்தவருக்கும் நடந்து வந்தவருக்கும் ஒரே அளவில்தான் கொடுக்கிறோம். அந்த முறையை வாசலோடு விட்டுவிடாமல் வீட்டுக்கும் கடைக்கும் கொண்டுபோக வேண்டும்.

நம் வழிபாட்டிடத்துக்கு அமைந்த பெயரையே பாருங்கள். நிழல்தாங்கல். தாங்குதல் என்றால் விழாமல் பிடித்துக்கொள்ளுதல். ஒரு பாரத்தைத் தாங்க வேண்டுமானால் தாங்குகிறவன் அதற்குக் கீழே வந்து நிற்க வேண்டும். மேலே நின்றுகொண்டு எதையும் தாங்க முடியாது. கீழ் என்னும் அந்தத் திசையை உலகம் இழிவாக்கி வைத்தது. அய்யா அதே திசையைத் தாங்கும் இடமாக்கித் தந்தார். பாரப்பட்டு வருகிறவனுக்குக் கீழே தோள் கொடுத்து நிற்கிற இடம் எதுவோ, அங்கேதான் தாங்கல் இருக்கிறது. அப்படி நிற்கிற மனிதனைச் சான்றோன் என்று அழைக்க யாருடைய சாட்சியும் வேண்டாம்.

அடுத்த முறை ஏடு வாசிக்கக் கேட்கும்போது, நீசன் என்ற சொல் வருகிற இடத்தில் ஒரு கணம் உள்ளே திரும்பிப் பாருங்கள். இன்றைய நாளில் யாரைத் தாழ்த்தினேன், யாரைத் தாங்கினேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு விடை இருந்தால் அய்யா பொறுப்பார், மறுநாளே போய்ச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், ஊர் திரும்பும் வழியிலேயே அதற்கு ஒருவர் கிடைப்பார்.

கலி அழிந்து தர்மயுகம் மலரும் என்பது அய்யா தந்த வாக்கு. அந்த யுகத்தில் ஒருவரை ஒருவர் தாழ்த்துவது இல்லை. அந்த நாளை எதிர்பார்த்திருக்கும் நாம், அந்த நாட்டின் வழக்கத்தை இப்போதே நம் வீட்டில் தொடங்கி வைப்போம்.

எல்லாருக்கும் அய்யா நல்ல புத்தியும் பொறுமையும் தர்ம குணமும் தந்தருள்வாராக.

அய்யா உண்டு.